டோல்கேட் வியாபாரியும் சொந்தச் செயலியும்

இராயபுரத்தில் தொடங்கித் தண்டையார்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, திருவொற்றியூர் என்று வடக்கே நீண்டு எண்ணூரைத் தொடும் சாலையின் இரு மருங்கிலும் கன்டெய்னர் லாரிகளையும் துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் நம்பி ஜீவிக்கிற லாரி புக்கிங் ஆபீஸ்கள், டயர்க் கடைகள், பஞ்சர் கொட்டகைகள், மெஸ்கள், மளிகைக் கடைகள், மருந்துக் கடைகள், மீன் மொத்த வியாபாரிகள் ஆகிய அனைவருக்கும், கடந்த சில வருடங்களாக ஒரு புதிய கவலை வந்து சேர்ந்திருக்கிறது. 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் நீட்டிக்கப்பட்டு டோல்கேட்டுக்கும் ஒரு நிலையம் கிடைத்த பின், இப்பகுதி மக்கள் நகரத்தின் தென்கோடிவரை சிரமமின்றிப் போய்வரலானார்கள்; அங்கே பெரிய கடைகளில் கண்ட வழக்கங்களை இங்கேயும் எதிர்பார்க்கலானார்கள். "உங்க கடைக்கு ஆப் இல்லையா?" என்று வாடிக்கையாளர் ஒருவர் சகஜமாகக் கேட்டுவிட்டுப் போகிறார், அன்றிரவு கடைக்காரருக்குத் தூக்கம் வருவதில்லை. மறுநாளே, ஆப் செய்து தருகிறோம் என்று ஒரு கம்பெனியின் பிரதிநிதி மதிப்பீட்டுத் தாளுடன் வந்து நிற்கிறார்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வட்டாரத்தின் சிறு, நடுத்தர வியாபாரிகளில் பெரும்பாலோருக்குத் தனிச் செயலி தேவையில்லை. தேவைப்படுகிறவர்களும் தனித்தனியே அதைச் செய்து காப்பாற்ற முடியாது. சங்கமாகக் கூடிப் பொதுவில் செய்துகொண்டால் முடியும். செயலியை உண்டாக்கும் செலவை மட்டும் கணக்கிட்டு, அதைப் பிழைத்திருக்கச் செய்யும் செலவைக் கணக்கிடாமல் விடுவதுதான், வியாபாரத்தில் பழுத்த அனுபவமுள்ளவர்களையும் இந்த விஷயத்தில் நஷ்டத்தில் கொண்டுபோய் விடுகிறது.

மதிப்பீட்டுத் தாளில் வழக்கமாக ஒரே ஒரு தொகைதான் இருக்கும்: சில லட்ச ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஒரு லாரி புக்கிங் ஆபீஸை எடுத்துக்கொண்டு அத்தொகைக்குள் எது அடங்குகிறது, எது அடங்கவில்லை என்று பார்ப்போம். முதலாளி "ஒரு ஆப்" என்று சொல்வது உண்மையில் மூன்று. சரக்கு அனுப்புகிறவர் வண்டி கேட்பதற்கு ஒன்று. டிரைவர் டிரிப்பை ஏற்றுக்கொள்வதற்கும், பெட்டி ஏற்றியதையும் இறக்கியதையும் பதிவதற்கும் ஒன்று. ஆபீஸில் இருக்கும் கணக்குப்பிள்ளை இவ்விரண்டையும் பார்த்து வாடகை, டீசல், பேட்டா, அட்வான்ஸ் ஆகியவற்றை நேர்செய்வதற்கு ஒன்று. இம்மூன்றுக்கும் பின்னால் இரவும் பகலும் ஓயாமல் இயங்க வேண்டிய சர்வர், மாத வாடகைக்கு. உள்ளே வருகிறவர் இன்னார் என்று உறுதிசெய்ய ஓ.டி.பி. அனுப்ப வேண்டும், ஒவ்வொரு குறுஞ்செய்திக்கும் சில பைசா. அந்தச் சில பைசாவைச் செலவிடும் உரிமையைப் பெறுவதற்கே, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி டி.எல்.டி. பதிவேட்டில் நிறுவனத்தின் பெயரையும், அனுப்புநர் குறியையும், அனுப்பப்போகிற செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிந்து அனுமதி வாங்கியிருக்க வேண்டும். பதிந்த வாசகத்துக்கும் அனுப்பும் வாசகத்துக்கும் பொருத்தமில்லையென்றால் செய்தி போய்ச் சேராது. வண்டி மணலியில் நிற்கிறதா, மாதவரத்தைத் தாண்டிவிட்டதா என்று வரைபடத்தில் காட்ட வேண்டுமானால் அதற்கும் கட்டணம் உண்டு. 2018இல் கூகுள் தன் வரைபடச் சேவையின் கட்டண முறையை மாற்றி அமைத்தபோது உலகெங்கும் சிறு செயலிக்காரர்கள் திகைத்துப்போனார்கள். அதே கூகுள் 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு மட்டும் அக்கட்டணத்தை 70 சதவீதம் வரை குறைத்தது. கூடினாலும் குறைந்தாலும், டோல்கேட் ஆபீஸின் மாதச் செலவில் ஒரு பங்கை நிர்ணயிக்கும் அதிகாரம் கடல் கடந்த வேறொரு ஸ்தாபனத்திடம் இருக்கிறது.

செயலியைக் கடையேற்றும் கட்டணம் சொற்பம்தான். பிளே ஸ்டோரில் கணக்குத் தொடங்க ஒரே ஒரு தடவை 25 டாலர். ஆப்பிளுக்கு வருடந்தோறும் 99 டாலர். சிரமம் பணத்தில் இல்லை, நிபந்தனைகளில் இருக்கிறது. 2023 நவம்பர் 13க்குப் பின் தனிநபர் பெயரில் பிளே ஸ்டோர் கணக்குத் தொடங்கியவர், செயலியைப் பொதுமக்களுக்கு வெளியிடுமுன், குறைந்தது 20 பேர் தொடர்ந்து 14 நாள் அதைச் சோதனையில் வைத்திருந்ததாகக் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. பிறகு அந்த எண்ணிக்கை 12 ஆகக் குறைக்கப்பட்டது. நிறுவனத்தின் பெயரில் கணக்குத் தொடங்குவதானால், டன் அண்டு பிராட்ஸ்ட்ரீட் வழங்கும் டன்ஸ் எண் என்னும் சர்வதேச அடையாள எண்ணைப் பெற்றாக வேண்டும். இவை நியாயமற்ற விதிகள் என்று நான் சொல்லவரவில்லை; போலிச் செயலிகளால் ஏமாந்தவர்களை நாம் அறிவோம். ஆனால் ஒரு பஞ்சர் கொட்டகைக்காரரோ மெஸ் நடத்தும் அம்மாளோ இவற்றைத் தாமே நிறைவேற்ற முடியாதாகையால், கணக்கை யார் பெயரில் தொடங்குவது என்ற கேள்வி எழுகிறது. "எங்க அக்கவுன்ட்லயே போட்டுடறோம் சார்" என்று கம்பெனிக்காரர் சொல்கிறார். அங்கேதான் அபாயம் ஆரம்பமாகிறது.

காலடிப்பேட்டைப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஊரடங்குக் காலத்தில் வீட்டுக்கு வீடு சாமான் அனுப்பிப் பழகியிருந்த அவர், அந்தப் பழக்கத்தை நிலைநிறுத்த எண்ணி, இரண்டு இளைஞர்கள் நடத்திய ஒரு சிறு கம்பெனியிடம் செயலி செய்துகொண்டார். ஆரம்பத்தில் அது நன்றாகவே நடந்தது. பிறகு அவ்விருவரில் ஒருவர் பெங்களூருக்கும் மற்றவர் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் மீது குற்றமும் இல்லை, அவரவர் ஜீவனம் அவரவருக்கு. ஆனால் செயலி அவர்கள் கணக்கில் இருந்தது. விலையை மாற்றும் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. அதன்பின் பல மாதம், நல்லெண்ணெயும் துவரம்பருப்பும் பழைய விலையிலேயே செயலியில் இருந்துகொண்டிருக்க, வாடிக்கையாளர்கள் கைபேசித் திரையைக் கடைக்காரரின் முகத்துக்கு நேரே நீட்டி, "இதுல போட்டிருக்கிற விலைக்குத்தான் தரணும்" என்று வாதாடினார்கள். சர்வர் வாடகை கட்டுவாரில்லாமல் ஒரு நாள் அதுவும் நின்றது. அதோடு, இன்ன வீட்டுக்கு இன்ன தேதியில் இன்ன சாமான் என்று சேர்ந்திருந்த விவரம் அத்தனையும் போயிற்று. முப்பது வருடமாக நூல் கட்டிய நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதி, ஒரு நோட்டையும் தொலைத்தறியாத மனிதர் அவர். தமக்குச் சொந்தமானது என்று நம்பிப் பணம் கொடுத்த பொருள் தமக்கு ஒருநாளும் சொந்தமாக இருந்ததில்லை என்பதை அவர் அறிந்தபோது, நஷ்டத்தைக் காட்டிலும் அவமானமே அவரை அதிகமாக வருத்தியது.

அவர் கதை இப்படி முடிந்திராவிட்டாலும் செலவு நின்றிராது. ஆண்ட்ராய்டு வருடந்தோறும் புதிய பதிப்பாக வருகிறது. வழக்கமாக ஆகஸ்ட் 31ஐக் கெடுவாக வைத்து, அண்மைப் பதிப்புக்கு ஏற்பத் திருத்தப்படாத செயலிகளின் புதுப்பிப்பை கூகுள் ஏற்பதில்லை. திருத்தாமலே நெடுநாள் விட்டால், புதுக் கைபேசி வாங்கியவர் தேடினாலும் அச்செயலி அவர் கண்ணில் படுவதில்லை. கடையில் ஒரு மாற்றமும் இல்லாதபோதும் செயலியை மாற்றியாக வேண்டும் என்பது இதன் பொருள். ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் முதலிய கருவிகளால் ஆண்ட்ராய்டு, ஆப்பிள் இரண்டுக்கும் ஒரே நிரலை எழுதிச் செலவைக் குறைக்கலாமென்பது உண்மை. ஆயினும் அக்கருவிகளும் புதுப்பிக்கப்படுகின்றன, அவற்றோடு சேர்ந்து நிரலும் புதுப்பிக்கப்பட வேண்டியிருக்கிறது. விசைப்படகை வாங்கிக் காசிமேட்டில் கட்டிவிட்டவர், டீசலுக்கும் ஐஸுக்கும் வலைக்கும் பழுதுபார்ப்புக்கும் பணம் இல்லாவிட்டால் கடலுக்குப் போக முடியாது. செயலியும் அப்படிப்பட்ட சொத்துதான்.

சிறியவர்களுக்குத்தான் இந்தச் சிரமம், பணபலம் உள்ளவர்களுக்கு இல்லை என்று எண்ணுகிறவர்கள், இதே இராயபுரத்தில் வளர்ந்த முருகவேல் ஜானகிராமனின் ஸ்தாபனத்துக்கு நேர்ந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். 1997இல் அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டே தமிழர்களுக்கென்று ஓர் இணையதளம் தொடங்கி, அதன் ஒரு பகுதியாக இருந்த வரன் தேடும் பக்கத்தைப் பாரத் மேட்ரிமோனியாக வளர்த்து, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு பங்குச் சந்தைவரை கொண்டுபோனவர் அவர். 2024 மார்ச் 1 அன்று, சேவைக் கட்டணம் செலுத்தவில்லை என்று சொல்லி, பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட இந்தியச் செயலிகள் பலவற்றை கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கிவிட்டது. செயலிக்குள் நடக்கும் விற்பனையில் 11 முதல் 26 சதவீதம் வரை கேட்கப்பட்ட அந்தக் கட்டணத்தை எதிர்த்து நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் வழக்காடிக்கொண்டிருந்த சமயம் அது. மத்திய அரசு தலையிட்ட பின், சில நாட்களில் செயலிகள் திரும்பச் சேர்க்கப்பட்டன. பிளே ஸ்டோரின் கட்டண நடைமுறைகளுக்காக 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு விதித்த 936.44 கோடி ரூபாய் அபராதத்தை, 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 216.69 கோடியாகக் குறைத்தது. அரிசி, எண்ணெய், லாரி வாடகை போன்ற நேரடிப் பொருளுக்கும் சேவைக்கும் இந்தக் கட்டணம் கிடையாது என்பதை டோல்கேட் வியாபாரிகள் ஆறுதலாகக் கொள்ளலாம். என்றாலும், பங்குச் சந்தையில் இடம்பெற்ற, வழக்கறிஞர் படையை வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு நிறுவனத்தின் செயலியே ஒரே நாளில் மறைய முடியுமென்றால், மளிகைக் கடையின் செயலி மறையும்போது மந்திரி யாரும் கூட்டம் கூட்டப்போவதில்லை.

உண்டாக்குவதும் காப்பதும் ஒருபுறமிருக்க, பயன்படுத்துகிறவரின் கைக்குப் போய்ச் சேருவது என்னும் பெரிய தடை இருக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் பெட்டி இறக்கக் காத்து நிற்கும் டிரைலர்களுக்கு இடையே ஒரு மத்தியானம் நின்று பார்த்தால், மதிப்பீட்டுத் தாளில் இல்லாத விஷயங்கள் எல்லாம் விளங்கும். திரை கீறிய கைபேசி. வெயிலில் எழுத்து தெரிவதில்லை. கிரீஸ் படிந்த விரலுக்குச் சின்னஞ்சிறு பொத்தான்கள் அகப்படுவதில்லை. புதுச் செயலியை ஏற்ற இடமில்லையென்று கைபேசி சொல்ல, ஒரு டிரைவர் தம் மகளின் காதுகுத்து வீடியோவை அழிப்பதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவர் அழிக்கவில்லை; அழிக்காதது சரி என்றே நினைக்கிறேன். நிரலை எழுதியவர் குளிர்சாதன அறையில், விலையுயர்ந்த கைபேசியில், ஆங்கிலத்தில் அதைச் சோதித்திருந்தார். டிரைவருக்குத் தமிழ் வேண்டும். வடக்கேயிருந்து வரும் டிரைவருக்கு ஹிந்தி வேண்டும். இருவருக்குமே எழுத்தைவிடக் குரல் சௌகரியம். ஆகவேதான், செயலிக்கென்று லட்சக்கணக்கில் செலவிட்ட புக்கிங் ஆபீஸிலும், வேலை எல்லாம் கடைசியில் வாட்ஸப் குரல் செய்தியிலேயே நடக்கிறது. அதைக் குறையென்று கருதத் தேவையில்லை. சிறு வியாபாரிகளுக்கென்றே 2018இல் வந்த வாட்ஸப் பிசினஸில் பொருட்பட்டியலை வைக்கச் செலவில்லை. 2016இல் தொடங்கிய யு.பி.ஐ.யில் பணம் வாங்கவும் செலவில்லை. இவ்விரண்டும் போதுமான கடைக்கு மூன்றாவது ஒன்று எதற்கு?

மனிதருக்குப் பிரயோஜனப்படும் செயலி எப்படி உருவாகிறது என்பதற்கு நம் கடற்கரையிலேயே ஓர் உதாரணம் உண்டு. தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், குவால்காமின் துணையோடு மீனவர்களுக்காக உருவாக்கிய 'ஃபிஷர் ஃபிரண்ட்', ஆண்ட்ராய்டு பரவுவதற்கு முன்பே சாதாரணக் கைபேசியில் தொடங்கியது. ஹைதராபாத்திலுள்ள தேசியக் கடல்சார் தகவல் மையம் தரும் அலையுயரம், காற்று வேகம், மீன் கிடைக்கக்கூடிய பகுதி ஆகியவற்றை மீனவரின் தாய்மொழியிலேயே சொல்லி, சர்வதேச எல்லையை நெருங்கினால் எச்சரித்து, கைபேசிகள் மாறியபோது தானும் ஆண்ட்ராய்டுக்கு மாறி, அது நிலைத்து வந்திருக்கிறது. இதில் நான் முக்கியமாகக் கருதுவது தொழில்நுட்பத்தை அன்று. தனிப் படகு உரிமையாளர் எவரும் இதைச் செய்யவில்லை, செய்திருக்கவும் முடியாது. ஒரு பொது நிறுவனம், பல்லாயிரம் மீனவர்களுக்காக, வருடக்கணக்கில் பராமரிப்புச் செலவை ஏற்றுக்கொண்டு நின்றது.

ஓட்டல்காரர்களின் நிலையும் இந்தப் பக்கமே நம்மை இட்டுச்செல்கிறது. ஸ்விக்கி, சொமேட்டோ ஆகியவற்றின் கமிஷன் கட்டுப்படியாகவில்லை என்று 2025 ஜூலையில் நாமக்கல் ஓட்டல் உரிமையாளர்கள் அவற்றுக்கு உணவு கொடுப்பதை நிறுத்தினார்கள். அவர்கள் கோபம் நியாயமானதே. ஆனால் அந்தக் கோபத்தில் ஒவ்வொரு மெஸ்ஸும் ஒவ்வொரு செயலி செய்யப் புறப்பட்டால், இட்லி வாங்குவதற்காக ஒரு வாடிக்கையாளர் தம் கைபேசியில் பத்துச் செயலிகளை ஏற்றிக்கொள்ள மாட்டார். பெங்களூரு ஆட்டோக்காரர்கள் வேறு வழியைக் காட்டினார்கள். 2022 நவம்பரில் அங்கே ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தின் ஆதரவோடு ஜஸ்பே நிறுவனம் உருவாக்கிய 'நம்ம யாத்ரி', ஒவ்வொரு சவாரியிலும் பங்கு கேட்காமல், ஓட்டுநரிடமிருந்து நாளொன்றுக்கு 25 ரூபாய் என்பது போன்ற சிறு சந்தாவைக் கொண்டு நடந்தது. அதன் நிரலும் எவரும் எடுத்துப் பார்க்கும்படி திறந்து வைக்கப்பட்டது. அது சென்னைக்கும் வந்தது. 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'சென்னை ஒன்' செயலியில் மாநகர பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் ஆகியவற்றோடு ஆட்டோவும் ஒரே இடத்தில் கிடைப்பது, பலர் சேர்ந்து ஒரே பாதையைப் பயன்படுத்துவதால் வரும் நன்மை.

தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் வணிகர் சங்கங்கள் இருக்கின்றன. லாரி உரிமையாளர் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மாதச் சந்தா வசூலித்துப் பழக்கமும் உண்டு. ஒரு சங்கத்தின் ஐம்பது நூறு கடைகள் சேர்ந்து ஒரு செயலிக்குச் சந்தா கட்டினால், அதைப் பராமரிக்க இரண்டு முழுநேர ஊழியர்களையே வைத்துக்கொள்ளலாம். சர் தியாகராயா கல்லூரியிலும் சுற்றுப்புறக் கல்லூரிகளிலும் கணினி படித்துவிட்டு, பழைய மாமல்லபுரம் சாலைக்கு மூன்று வாகனம் மாறிப் போய்வருகிற இளைஞர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு டிரைலர் என்றால் என்ன, சி.எப்.எஸ். என்னும் கன்டெய்னர் சரக்கு நிலையம் என்றால் என்ன, மாசக் கடைசியில் மளிகைக் கணக்கு எப்படி நடக்கும் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வட சென்னையைத் தொழில்நுட்பத்திலிருந்து விலகி நிற்கச் சொல்கிறாயா என்று என்னைக் கேட்பவர்களுக்கு இதுவே என் பதில். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது இராயபுரத்திலிருந்து. புதிய இயந்திரத்துக்கு அஞ்சிய ஜனங்கள் அல்லர் இவர்கள். அந்த ரயிலுக்கும் கடைக்கொரு தண்டவாளம் போடப்படவில்லை.

சட்டமும் இப்போது குறுக்கே நிற்கிறது. 2023ஆம் வருடத்து மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. நடைமுறைக்குப் படிப்படியாக வருகின்றன. வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கைபேசி எண், அவர் வாங்கிய மருந்து ஆகியவற்றைச் சேர்த்து வைப்பவர், ஏன் சேர்க்கிறோம் என்று தெளிவாகச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும்; அவை திருடுபோனால் தெரிவிக்க வேண்டும்; பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய்வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அத்தொகை தெருமுனை மருந்துக் கடையை உத்தேசித்து எழுதப்பட்டதன்று என்றாலும், கடமை எல்லாருக்கும் உரியது. அந்தக் கடமையை ஒரு கடை தனியே சுமப்பதைவிடச் சங்கம் சுமப்பது எளிது.

இவ்வளவுக்கும் பிறகு, தமக்குத் தனிச் செயலி அவசியமே என்று முடிவுசெய்யும் பெரிய கன்டெய்னர் யார்டுகளும் கிளைகள் பல கொண்ட கடைகளும் இருக்கத்தான் செய்யும். அவர்கள் பேரம் பேசும்போது தொகையைக் குறைக்கச் சொல்வதைவிட, பிளே ஸ்டோர், ஆப்பிள் கணக்குகளும், சர்வரும், இணைய முகவரியும், ஓ.டி.பி.க்கான டி.எல்.டி. பதிவும் தங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும், ஒவ்வொரு தவணைக்கும் அதுவரை எழுதிய நிரல் தங்கள் கைக்கு வந்துவிட வேண்டும், அடுத்த மூன்று வருடப் பராமரிப்புக்கு என்ன செலவென்று இன்றே எழுத்தில் தர வேண்டும் என்று கேட்பது நல்லது. இவற்றுக்கு இணங்காத கம்பெனியை, அது எவ்வளவு மலிவாகக் கேட்டாலும், அனுப்பிவிட வேண்டும்.

கடைசியாக, துறைமுகத்தை நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்று. மத்திய அரசு 2022 செப்டம்பரில் தொடங்கிய 'யூலிப்' என்னும் சரக்குத் தகவல் தளத்தில், வாகனப் பதிவு, பாஸ்டேக், கன்டெய்னர் நடமாட்டம் ஆகிய விவரங்களைத் தனியார் மென்பொருள்களும் கேட்டு வாங்கும் வசதி இருக்கிறது. இந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறவருக்கு அதைவிட முக்கியமான செய்தி, இப்போது புறப்பட்டால் துறைமுக வாயிலை அடைய எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதே; அது தெரியாமல்தான் அவர் சாலையோரம் சமைத்து, வண்டிக்கு அடியில் தூங்கி, பேட்டாவைத் தின்று தீர்க்கிறார். சென்னைத் துறைமுகமும், எண்ணூர் காமராஜர் துறைமுகமும், காட்டுப்பள்ளியும் தத்தம் வாயில்களின் வரிசை நிலையை மணிக்கு மணி, எவரும் இலவசமாக எடுத்துத் தம் செயலியிலோ வாட்ஸப் குழுவிலோ போடும்படி வெளியிட்டால், எந்த மதிப்பீட்டுத் தாளாலும் கொடுக்க முடியாத உதவி டிரைவருக்குக் கிடைக்கும். லாரி உரிமையாளர் சங்கங்களும் சுங்க முகவர் சங்கங்களும் ஒன்றுகூடி அதற்கான மனுவை இந்த வருடமே கொடுக்க வேண்டும்.